சேகோ ஆலைத் தண்ணீரில் மாவு என்னவாகிறது?

சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சீசன் நேரத்தில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, சேகோ (ஜவ்வரிசி) ஆலை வந்துவிட்டதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். புளித்த மாவும் கெட்டுப்போன வெண்ணெயும் கலந்தது போன்ற வாடை. கெமிக்கல் நாற்றம் என்று பலர் நினைப்பதுண்டு. அதில் பெரும்பங்கு மரவள்ளி மாவிலிருந்து வருவதுதான். மாவு அமிலமாக மாறி, அதற்கு மேல் போக வழியில்லாமல் குட்டையில் தேங்கி நிற்கிறது. அந்த வெண்ணெய் வாடைக்குப் பெயர் பியூட்டிரிக் அமிலம். சரியான நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுத்திருந்தால் அதே பொருள் மீத்தேனாகி ஆலையின் அடுப்பிலேயே எரிந்திருக்கும்.

உணவு ஆலைக் கழிவுநீரைப் பற்றிப் பேசும்போது சிஓடி, பிஓடி என்ற இரண்டு எண்களோடு நின்றுவிடுகிறோம். நீரில் இருக்கும் கரிமப் பொருளை முழுதாக எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதுதான் சிஓடி. அதில் நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய பங்குக்கு வேண்டிய ஆக்சிஜன் பிஓடி. சிஓடி லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்தால் அது மாவா, சர்க்கரையா, அசிட்டிக் அமிலமா, செத்த பாக்டீரியாவா என்று அந்த எண்ணிலிருந்து தெரியாது. சுத்திகரிப்பு நிலையம் படுத்துவிடும்போதோ அந்தக் கேள்விதான் முக்கியமாகிறது. பொருள் எந்த உருவத்தில் வந்து நின்றுவிட்டது என்று தெரிந்தால் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்த மாதிரி. அதனால் இந்தக் கட்டுரை மாவின் பின்னாலேயே போகிறது: துருவும் இயந்திரத்திலிருந்து கடைசித் தொட்டி வரை.

தொட்டியில் படியாத மாவு

மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, தோலுரித்து, துருவி, சல்லடையில் தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். நார் தங்குகிறது, அதுதான் திப்பி, மாட்டுத் தீவனத்துக்குப் போகும். கீழே இறங்கும் மாவுப்பால் தொட்டிகளில் மணிக்கணக்கில் நிற்கிறது. மாவு அடியில் படிந்தபின் மேலே நிற்கும் நீரை வெளியே விடுகிறார்கள். ஆலையின் கழிவுநீரில் கனமான பங்கு இந்த நீர்தான். கிழங்கு கழுவிய நீரில் மண்ணும் தோலும் அதிகம், கரைந்த பொருள் குறைவு. இரண்டையும் ஒரே வாய்க்காலில் விடுவது பெரிய தவறு. மண் போய் செரிகலனின் (காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் கழிவை மீத்தேனாக்கும் மூடிய தொட்டி) அடியை அடைத்துக்கொள்ளும். கழுவிய நீரைத் தனியாகப் படியவைத்து மறுபடி கழுவவே பயன்படுத்தலாம்.

மேலே நிற்கும் நீர் பால் போல் வெளுப்பாக இருப்பதற்குக் காரணம் படியாமல் மிதக்கும் சின்ன மாவு மணிகள். மரவள்ளி மாவு மணி சுமார் 5 முதல் 35 மைக்ரான் வரை இருக்கும். அடர்த்தி தண்ணீரைப் போல் ஒன்றரை மடங்கு. 15 மைக்ரான் மணி நம் ஊர் வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் இறங்கும். ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில் மூன்றரை மணி நேரத்தில் அடி சேர்ந்துவிடும். 5 மைக்ரான் மணிக்கு விட்டம் மூன்றில் ஒன்று, வேகமோ ஒன்பதில் ஒன்று. அது அடி சேர 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் யாரும் காத்திருப்பதில்லை. காத்திருந்தால் மாவு புளித்துவிடும்.

ஒரு கிலோ மாவு கிட்டத்தட்ட 1.19 கிலோ சிஓடி. நாளைக்கு 100 கன மீட்டர் தண்ணீர் வெளியேறும் ஆலையில் லிட்டருக்கு அரை கிராம் மாவு மணியாகத் தப்பினாலும் தினம் 50 கிலோ மாவு சாக்கடைக்குப் போகிறது என்று அர்த்தம். இதைச் சுத்திகரிக்க வேண்டியதில்லை, பிடிக்க வேண்டும். ஆழம் குறைந்த, நீளமான இன்னொரு படிவுத் தொட்டியோ ஹைட்ரோசைக்ளோனோ (நீரைச் சுழற்றி மாவைப் பிரிக்கும் கருவி) வைத்தால் விலைபோகும் மாவாகவே திரும்பக் கிடைக்கும். எவ்வளவு தப்புகிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே மாதிரி நீரில் அப்படியே ஒரு சிஓடி, கண்ணாடி நார் வடிதாளில் வடிகட்டி ஒரு சிஓடி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மணியாக இருக்கும் பங்கு. மீதிதான் நிஜமாகக் கரைந்தது: கிழங்கிலிருந்து வரும் சர்க்கரை, கொஞ்சம் புரதம், உப்புகள், சயனைடைப் பிணைத்து வைத்திருக்கும் லினமரின்.

ஆய்வகம் இல்லாத ஆலைக்கும் ஒரு சோதனை இருக்கிறது, மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின். ஒரு சொட்டு விட்டால் மாவு இருக்கும் நீர் கருநீலமாகும். மாவு பாதி உடைந்து டெக்ஸ்ட்ரினாகியிருந்தால் செம்பழுப்பு. இன்னும் சிறிய சர்க்கரைகளாகிவிட்டால் நிறம் மாறாது. செரிகலனுக்கு முன்னும் பின்னும் இந்தச் சொட்டைத் தினம் போட்டு நோட்டில் எழுதி வைத்தால், மாவு உடையும் கட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று செலவில்லாமல் தெரியும். வெளியேறும் நீர் நீலமாக மாறினால் மாவு மணி செரிக்காமலே அடித்துச் செல்லப்படுகிறது.

புளிப்பு தொடங்கும் நேரம்

தண்ணீர் தொட்டியை விட்டு வெளியேறும் முன்பே லாக்டிக் அமில பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும். நடுநிலைக்கு அருகில் இருந்த பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) சில மணி நேரத்தில் 4 பக்கம் இறங்கிவிடும். இட்லி மாவு புளிப்பதும் இதே வழிதான். சர்க்கரை லாக்டிக் அமிலமாகிறது. அப்புறம் வேறு கூட்டங்கள் சேர்ந்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்று பிரிக்கின்றன.

இங்கே பலர் தடுமாறும் ஒரு விஷயம். புளிப்பதால் சிஓடி குறைவதில்லை. குளுக்கோஸ் ஒரு கிராமுக்கு 1.07 கிராம் சிஓடி. அது லாக்டிக் அமிலமாகவோ முழுவதும் அசிட்டிக் அமிலமாகவோ மாறினாலும் கிராமுக்கு அதே 1.07 தான். பியூட்டிரிக் அமிலத்தில் ஒரு கிராமுக்கு 1.82 இருக்கிறது, ஆனால் எடை குறைவாக உண்டாகிறது. கொஞ்சம் ஹைட்ரஜனாகப் பறப்பதைத் தவிர, மொத்தக் கணக்கு அப்படியே நிற்கும். "அமிலத் தொட்டி கட்டினோம், சிஓடி இறங்கவே இல்லை, வேஸ்ட்" என்ற புகார் இதனால்தான் வருகிறது. அந்தத் தொட்டியின் வேலை சிஓடியைக் குறைப்பது இல்லை, பொருளின் உருவத்தை மாற்றுவது. தண்ணீருக்குள் இருக்கும் சிஓடிக்கு வெளியே போக மூன்று வாசல்கள்தான்: மீத்தேனாகப் பறக்கலாம், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரியலாம், பாக்டீரியா உடம்பாகிக் கசடாக அள்ளப்படலாம். இந்த மூன்றில் எதுவும் நடக்காத இடத்தில் சிஓடி குறைந்ததாக ரிப்போர்ட் வந்தால், தண்ணீர் கலந்திருக்கிறது அல்லது மாதிரி எடுத்தது தவறு.

புளிப்போடு சயனைடு விஷயமும் பின்னிக்கிடக்கிறது. கிழங்கைத் துருவும்போது செல் உடைந்து, லினமரினும் அதை உடைக்கும் லினமரேஸ் நொதியும் சந்திக்கின்றன. முதலில் அசிட்டோன் சயனோஹைட்ரின் உண்டாகிறது. பிஎச் 5-க்கு மேல் இருந்தால் இது தானாகப் பிரிந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியேறும். அதன் கொதிநிலை 26 டிகிரிதான், திறந்த வாய்க்காலில் ஓடினாலே பெரும்பகுதி காற்றோடு போய்விடும். ஆனால் தண்ணீர் சீக்கிரம் புளித்து பிஎச் 4-க்கு வந்துவிட்டால் சயனோஹைட்ரின் பிரியாமல் அப்படியே உறைந்ததுபோல நிற்கும். பிறகு பிஎச் 7-ல் இருக்கும் செரிகலனுக்குள் நுழைந்ததும் பிரிந்து, மீத்தேன் நுண்ணுயிர்களின் தலையில் சயனைடைக் கொட்டும். பழகிய கசடு இதைத் தாங்கிக்கொள்ளும். நாளடைவில் சயனைடையே பார்மேட்டாகவும் அம்மோனியாவாகவும் உடைக்கப் பழகிவிடும். புதிதாகப் போட்ட சாணக் கசடுக்கு அந்தப் பழக்கம் இருக்காது. கசப்புக் கிழங்கு லோடு வரும் நாளில் புது செரிகலன் திடீரென்று வாயு குறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியேறும் நீரில் சயனைடுக்கு அனுமதி லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்.

மீத்தேன் ஆகும் கட்டம்

காற்றில்லாச் செரிகலனில் நான்கு கட்டங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மாவு சர்க்கரையாக உடைகிறது, சர்க்கரை அமிலங்களாகிறது, புரோப்பியானிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்கள் அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் ஆகின்றன, கடைசியில் அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் மீத்தேனாகின்றன. முதல் இரண்டையும் செய்கிறவர்கள் மணிக்கணக்கில் இரட்டிக்கும் பாக்டீரியா. கடைசி இரண்டையும் செய்கிறவர்கள் இரட்டிக்க நாள்கணக்காகும். இந்த வேக வித்தியாசத்தில்தான் எல்லாச் சிக்கலும் பிறக்கிறது. மூன்றாம் கட்டத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: சுற்றிலும் ஹைட்ரஜன் மிகமிகக் குறைவாக, வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருந்தால்தான் புரோப்பியானிக் அமிலம் உடையும். ஹைட்ரஜனைத் தின்பவர்கள் ஒரு நாள் தளர்ந்தாலும் புரோப்பியானிக் சேரத் தொடங்கும். சேர்ந்தபின் அது கரைய வாரக்கணக்காகும்.

மாவுக் கழிவுநீர் ஏன் மற்ற உணவுக் கழிவுநீரைவிட எளிதில் புளித்துவிடுகிறது? பால் பண்ணை, மீன் பதப்படுத்தும் ஆலைத் தண்ணீரில் புரதம் உண்டு. புரதம் உடையும்போது அம்மோனியா வெளியாகி, கரியமில வாயுவோடு சேர்ந்து அம்மோனியம் பைகார்பனேட் ஆகும். அந்த நீர் தன் அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மாவில் நைட்ரஜனே இல்லை. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும். எவ்வளவு செரித்தாலும் ஒரு துளி காரம் கூடப் பிறக்காது. வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும்.

எவ்வளவு? செரிகலன் வாயுவில் 35 சதவீதம் கரியமில வாயு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில், கால்சியம் கார்பனேட் கணக்கில் பைகார்பனேட் காரத்தன்மை லிட்டருக்கு 1,000 மி.கி. இருந்தால் பிஎச் 6.6 வரும். 2,000 இருந்தால் 6.9. மீத்தேன் நுண்ணுயிர்களுக்குப் பிடித்தது 6.8 முதல் 7.4 வரை. ஆகவே 1,500-க்குக் கீழே விடாமல், 2,000-ஐ ஒட்டி வைத்திருப்பது பத்திரம். 1,000 மி.கி. அசிட்டிக் அமிலம் சேர்ந்தால் 830 மி.கி. காரத்தன்மையைத் தின்றுவிடும் என்பதை நினைத்துக்கொண்டால், கையிருப்பு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று புரியும்.

பெரும்பாலான ஆலைகள் சுண்ணாம்பைக் கொட்டுகின்றன, விலை குறைவு என்பதால். ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பு 1.35 கிலோ காரத்தன்மை தரும்; சோடியம் பைகார்பனேட் 0.6 கிலோதான். அதைப் பார்த்தால் சுண்ணாம்பு லாபம். ஆனால் ஓர் அளவுக்கு மேல் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகப் படியத் தொடங்கும். குழாயை அடைக்கும், கசடு மணிகளுக்குள் சுண்ணாம்புக் கல்லாக ஏறும். கசடு கனமாக, நன்றாகப் படிவதாகத் தெரியும். எரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சாம்பல்: உயிர் குறைந்த வெறும் எடை. செரிகலனுக்குள் நேரடியாகச் சுண்ணாம்பு போட்டால் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு, மேலே வாயு சேரும் கூடாரத்துக்குள் வெற்றிடமும் உண்டாக்கும். சுண்ணாம்பு போடுவதானால் முன்தொட்டியில், பிஎச் 5.5–6 வரை மட்டும். அதற்கு மேல் வேண்டியதைப் பைகார்பனேட்டில் கொடுப்பது நல்லது.

இதைவிட நல்ல வழி, செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. செரிகலனிலிருந்து வெளியேறும் நீரில் பைகார்பனேட் ஏற்கெனவே கரைந்திருக்கிறது. அதில் ஒரு பங்கை உள்ளே வரும் நீரோடு கலந்து திருப்பிவிட்டால் வெளியிலிருந்து வாங்கும் காரம் வெகுவாகக் குறையும், சயனைடும் நீர்த்துப்போகும். ஒரு சின்ன பம்ப் போதும். இதைச் செய்யாத செரிகலன்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வருடம் முழுக்கக் காரத்துக்குக் கொடுக்கும் காசில் அந்தப் பம்பை எத்தனையோ முறை வாங்கிவிடலாம்.

தினம் பத்து நிமிடச் சோதனை

பிஎச் பேப்பரை மட்டும் நம்பி செரிகலன் ஓட்டுகிறவர்கள் எப்போதும் தாமதமாகவே விழித்துக்கொள்கிறார்கள். அமிலம் சேரத் தொடங்கும். காரத்தன்மை அதைத் தாங்கும். அது தீரும்வரை பிஎச் அசையாது. அசையும்போது காரியம் கைமீறியிருக்கும். பார்க்க வேண்டியது அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம்.

வெளியேறும் நீரை வடிகட்டி 20 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட்டில் 0.1 நார்மல் கந்தக அமிலம். பிஎச் மீட்டரை வைத்துக் கலக்கிக்கொண்டே பிஎச் 5.0 வரும்வரை விடுங்கள், செலவான மி.லி.யைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 5.0-லிருந்து 4.4 வரை எவ்வளவு செலவாகிறது என்று தனியாகக் குறியுங்கள். முதல் எண்ணை 250-ஆல் பெருக்கினால் காரத்தன்மை. இரண்டாவதை 1.66-ஆல் பெருக்கி, 0.15-ஐக் கழித்து, 500-ஆல் பெருக்கினால் ஆவியாகும் அமிலங்கள், அசிட்டிக் அமிலக் கணக்கில். முதலாவது 7.0 மி.லி., இரண்டாவது 0.7 மி.லி. என்றால் காரம் 1,750, அமிலம் 506, விகிதம் 0.29. நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். மறுநாள் 6.0-வும் 1.5-உம் வந்தால் காரம் 1,500, அமிலம் 1,170, விகிதம் 0.78. பிஎச் இன்னும் 6.6 காட்டலாம். ஆனால் செரிகலன் புளிக்கத் தொடங்கிவிட்டது.

பொதுவாக 0.3 வரை நல்லது, 0.4 தாண்டினால் எச்சரிக்கை. 0.8-ஐ நெருங்கினால் உடனே உள்ளே விடுவதை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு, வெளியேறும் நீரையே திருப்பிச் சுழற்ற வேண்டும், பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும், விகிதம் 0.3-க்கு இறங்கியபின் பழைய அளவில் கால் பங்கிலிருந்து தொடங்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தக் காரத்தையும் ஒரே நாளில் கொட்டினால் சோடியம் அதிகமாகி இன்னொரு நோய் வரும். புதுச் சாணம் கொட்டுவதும் வழக்கம்; அதில் மீத்தேன் நுண்ணுயிர்கள் இருந்தாலும் கூடவே செரிக்காத பொருளும் நிறைய வரும். நன்றாக ஓடும் பக்கத்து ஆலையிலிருந்து ஒரு டேங்கர் கசடு கொண்டுவருவது பத்து டேங்கர் சாணத்துக்குச் சமம் என்று தயங்காமல் சொல்வேன்.

கசடு மணியும் மாவு மணியும்

நெதர்லாந்தில் கட்சே லெட்டிங்காவும் அவர் கூட்டாளிகளும் 1970-களில் உருவாக்கிய மேல்நோக்கு ஓட்டச் செரிகலனை, யுஏஎஸ்பியை, சேகோ ஆலைகளுக்கும் பயன்படுத்தலாம். அடியிலிருந்து தண்ணீர் மெதுவாக ஏறும். நுண்ணுயிர்கள் கடுகளவு மணிகளாகத் திரண்டு, அடித்துச் செல்லப்படாமல் கீழேயே நிற்கும். நீர் ஏறும் வேகம் மணிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர். முன்பு சொன்ன கணக்கை நினைவில் வையுங்கள்: 15 மைக்ரான் மாவு மணி இறங்கும் வேகம் மணிக்கு 28 சென்டிமீட்டர்தான். ஆகவே தனி மாவு மணி மேலேதான் தள்ளப்படும். கசடுப் படுகையில் சிக்கினால் செரிக்கும், இல்லாவிட்டால் தப்பிவிடும். வேகாத மாவு மணி வெந்த மாவு போல உடனே கரையாது, நொதி அதன் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரிக்கும். சுமை அதிகமானால் மாவு படுகையிலேயே குவியும். பிறகு சுமை இல்லாத நாளிலும் அது செரித்து வாயு வரும். ஞாயிற்றுக்கிழமை ஆலை நின்றும் வாயு குறையவில்லை என்றால் உள்ளே மாவு தேங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

புளிக்காத சர்க்கரையும் மாவும் நேரே செரிகலனுக்குள் வந்தால் இன்னொரு தொல்லை. அமில பாக்டீரியா கசடு மணியின் மேலேயே பஞ்சு போல வளர்ந்து, வாயுக் குமிழியைப் பிடித்துக்கொண்டு, மணியை மிதக்கவைக்கும். மிதந்த கசடு வெளியேறும் வாய்க்காலில் கருப்பு நுரையாகப் போகும். பல மாதமாக வளர்த்த நுண்ணுயிர் ஒரே வாரத்தில் போய்விடும். இதற்காகத்தான் முன்தொட்டியில் சில மணி நேரம் நிறுத்தி, சிஓடியில் 20 முதல் 40 சதவீதம் அமிலமாகும் வரை விடுவது. முழுதும் புளிக்கவைப்பதும் நல்லதில்லை; காரச் செலவு ஏறும்.

நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொடுக்க வேண்டுமா என்பதற்கு, சிஓடி 350-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்பது வழக்கமான விகிதம். நாளைக்கு 500 கிலோ சிஓடி என்றால் 7 கிலோ நைட்ரஜனும் 1.4 கிலோ பாஸ்பரஸும். அதாவது சுமார் 7 கிலோ டிஏபி உரம், 13 கிலோ யூரியா. ஆனால் கிழங்கிலேயே கொஞ்சம் இருக்கிறது. வெளியேறும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் 10 மி.கி.க்கு மேல் மிஞ்சினால் யூரியாவை நிறுத்திவிடலாம். இரும்பு, நிக்கல், கோபால்ட் மூன்றும் துளியளவு வேண்டும்; மீத்தேன் நுண்ணுயிர்களின் நொதிகள் இவையில்லாமல் வேலை செய்யா.

ஜவ்வரிசி வெளுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கந்தக அமிலமோ பிளீச்சிங் திரவமோ சேர்க்கும் ஆலையில் மேற்சொன்ன எதுவும் சரியாக நடக்காது. மிஞ்சிய குளோரின் நுண்ணுயிரைக் கொல்லும். ஒரு கிராம் சல்பேட் 0.67 கிராம் சிஓடியை மீத்தேனாகவிடாமல் பறித்து ஹைட்ரஜன் சல்பைடு ஆக்கும். அழுகிய முட்டை வாடை, அரித்துப்போன இரும்புக் குழாய், பர்னரில் துரு எல்லாம் அங்கிருந்து வருபவை. இந்த வாயு தேங்கிய குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது. செறிவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். வாடை இல்லை என்று இறங்கியவர்கள் மேலே வரமாட்டார்கள்.

வாயுக் கணக்கு

100 கன மீட்டர், லிட்டருக்கு 5 கிராம் சிஓடி. ஒரு நாளைக்கு 500 கிலோ. செரிகலன் 85 சதவீதம் நீக்குகிறது என்றால் 425 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு நுண்ணுயிர் உடம்பாகும், உலர் எடையில் 30 கிலோ. மீதி 380 கிலோ சொச்சம் மீத்தேனாகும். ஒரு கிலோ சிஓடிக்கு 0.35 கன மீட்டர், சுழியம் டிகிரிக் கணக்கில். ஆக 134 கன மீட்டர் மீத்தேன். எரிசக்தியில் இது 130 லிட்டர் டீசலுக்குச் சமம், விறகானால் 300 கிலோவுக்கு மேல்.

வாயுவின் தரத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. மாவு முழுதாகச் செரித்தால் மீத்தேனும் கரியமில வாயுவும் சரிபாதியாக உண்டாகும். ஆனால் நன்றாக ஓடும் செரிகலனில் மீத்தேன் 65 சதவீதம் வரை காட்டும். மீதிக் கரியமில வாயு எங்கே போனது? ஒரு பகுதி நீரில் கரைந்திருக்கிறது, இன்னொரு பகுதி பைகார்பனேட்டாகக் காரத்தோடு பிணைந்திருக்கிறது. காரத்தன்மை குறையும்போது அது வாயுவுக்குத் திரும்பும். மீத்தேன் பங்கு 50-ஐ நோக்கி இறங்கும். அடுப்பில் சுடர் மங்கி அணைந்து அணைந்து எரிவது பிஎச் மாறுவதற்கு முன்பே வரும் அடையாளம்.

காற்றூட்டும் தொட்டி

செரிகலனிலிருந்து 750 சிஓடியோடு வரும் நீரை அப்படியே விட முடியாது. நீர்நிலையில் விட பிஓடி 30, சிஓடி 250. பாசன நிலத்துக்கு பிஓடி 100. இந்தியாவில் பிஓடி என்றால் 27 டிகிரியில் மூன்று நாள் சோதனை. ஆகவே ஏரேட்டர் தொட்டி வேண்டும். ஆனால் முழுச் சுமையையும் அதன் தலையில் போடுவது வீண். 500 கிலோ சிஓடியையும் காற்றிலேயே நீக்கப் பார்த்தால் நாளைக்கு 300 கிலோ ஆக்சிஜன், 250 யூனிட் மின்சாரம், 150 கிலோவுக்கு மேல் உலர் கசடு. இங்கே சிஓடியில் பாதிக்கு அருகில் பாக்டீரியா உடம்பாக மாறுகிறது. பிரச்சினை தீரவில்லை, நீரிலிருந்து கசடுக்கு இடம் மாறியிருக்கிறது.

மாவுத் தண்ணீரில் காற்றூட்டும் தொட்டிக்கு வழக்கமாக வரும் நோய் கசடு படியாமை. ஒரு லிட்டர் உருளையில் தொட்டி நீரை ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். கசடு 600 மி.லி.யில் நின்று, கசடின் செறிவு லிட்டருக்கு 3 கிராம் என்றால் கசடுக் குறியீடு (முதலாவதை இரண்டாவதால் வகுத்தது) 200. 150-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டில் ஒன்று தெரியும். நூல் நூலாக இழைகள் இருந்தால், முன்னால் உள்ள செரிகலனிலிருந்து அசிட்டிக் அமிலமும் சல்பைடும் தப்பி வருகின்றன. தயோத்ரிக்ஸ் போன்ற இழை பாக்டீரியாவுக்கு அது விருந்து. இழையே இல்லாமல் கொழகொழவென்று இருந்தால் நைட்ரஜன் பற்றாக்குறை. சாப்பாடு நிறைய, புரதம் கட்ட நைட்ரஜன் இல்லை என்றால் பாக்டீரியா சர்க்கரையை உடம்புக்கு வெளியே பசையாகக் கட்டிக்கொள்ளும். கிழங்கு மாவு ஒரு சுற்று போய் மறுபடி மாவுச்சத்துப் பசையாகவே வந்து நிற்கிறது. முன்னதற்கு மருந்து செரிகலனில், பின்னதற்கு யூரியா மூட்டையில். இரண்டுக்கும் குளோரின் அடிப்பது நோயை மறைக்கும், குணப்படுத்தாது.

கடைசியில் மிஞ்சுவது

எல்லாம் சரியாக நடந்தபிறகும் 80, 100, 150 என்று ஒரு சிஓடி மிஞ்சும். பிஓடி 10-க்குக் கீழே இருக்கும். வரும்போது பிஓடி, சிஓடியில் பாதிக்கு மேல். போகும்போது பத்தில் ஒரு பங்கு. மிஞ்சியது செரிக்காத மாவு என்று நினைத்து இன்னும் காற்று ஊதுகிறவர்கள் உண்டு. அயோடின் விட்டுப் பாருங்கள், நீலம் வராது. அது மாவே இல்லை. நுண்ணுயிர்கள் வளரும்போது வெளிவிட்டதும், செத்து உடைந்தபோது கரைந்ததும்: செல் சுவரின் துண்டுகள், பசைச் சர்க்கரைகள், புரதத் துணுக்குகள், ஹ்யூமிக் அமிலம் போன்ற பழுப்புப் பொருள்கள், கிழங்குத் தோலிலிருந்து வந்த பாலிபீனால்கள். மாவும் சர்க்கரையும் புறஊதா ஒளியை உறிஞ்சாது. இவற்றில் பல உறிஞ்சும். அதனால்தான் சிஓடி இறங்க இறங்க, ஒரு மில்லிகிராம் கார்பனுக்கு 254 நானோமீட்டரில் உறிஞ்சும் அளவு ஏறிக்கொண்டே போகும். ஒளிர்வு அளவீட்டிலும் இதைப் பார்க்கலாம். 275 நானோமீட்டர் ஒளி பாய்ச்சினால் 340 பக்கம் ஒளிரும் புரதச் சாயல் முதலில் தெரியும். காற்றூட்டிய பிறகு அது மங்கி, 420 தாண்டி ஒளிரும் ஹ்யூமிக் சாயல் மேலோங்கும்.

இந்த வித்தியாசம் அடுத்து எந்தக் கருவி வாங்குவது என்பதையும் தீர்மானிக்கிறது. ஹ்யூமிக் சாயல் பொருளைப் படிகாரமும் (ஆலம்) கரித்தூளும் நன்றாகப் பிடிக்கும். பசைச் சர்க்கரையைக் கரித்தூள் அவ்வளவாகப் பிடிக்காது. அதுதான் ஆர்ஓ சவ்வை அடைக்கும். ஓசோன் அடித்தால் பெரிய துண்டுகள் சிறிதாகி, சிஓடி கொஞ்சமே குறைந்து பிஓடி மறுபடி ஏறலாம். பின்னால் ஓர் உயிரியல் வடிகட்டி இல்லாவிட்டால் அது பயன்படாது. இதன்மேல் குளோரின் அடித்தால் ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற தீங்கான பொருள்கள் உண்டாகும்.

சுத்திகரிக்காத புளித்த நீரை நிலத்தில் விடும்போது இந்த வேலைகள் எல்லாம் மண்ணுக்குள் நடக்கப் பார்க்கின்றன. மண்ணின் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளைப் பயன்படுத்தத் தொடங்கும். அவை கரைந்து கிணற்றுக்கு இறங்கும். அமிலமும் கரியமில வாயுவும் சுண்ணாம்புக் கற்களைக் கரைத்து நீரைக் கடினமாக்கும். கிணற்றுத் தண்ணீர் வாளியில் எடுக்கும்போது தெளிவாக இருந்து, சற்று நேரத்தில் பழுப்பாகிறது என்று விவசாயி சொன்னால், கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டுத் துருவாகிறது என்று பொருள். ஆலைக்காரர் அந்தப் பேச்சை மதித்துக் கேட்க வேண்டும். அவர் செரிகலனின் ரிப்போர்ட்டைத்தான் அந்த வாளி காட்டுகிறது.

சீசன் முடிந்து கிழங்கு வரத்து நின்றால் செரிகலனை காலி செய்யக் கூடாது. மீத்தேன் கசடு பட்டினியை மாதக்கணக்கில் தாங்கும். கடைசி லோடுக்குப் பிறகு சில நாள் நீரைச் சுழற்றி, உள்ளே தேங்கிய மாவு செரிய விட்டு, அமிலம் தீர்ந்து விகிதம் 0.2-க்கு வந்தபின் வால்வுகளை மூடலாம். காற்று நுழையாமல், நீர்மட்டம் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்த சீசனில் முதல் நாள் கால் பங்கு சுமை, அமிலத்தில் 80 சதவீதம் செரிவது தெரிந்தபின் அரைப் பங்கு, அப்படியே இரண்டு மூன்று வாரத்தில் முழுச் சுமை. கிழங்கு லாரிகள் வரிசையில் நிற்கும்போது இந்த மூன்று வாரம் பொறுப்பது கடினம்தான். அதனால் முதல் லாரி வருவதற்கு முன்பே, தோல் நீக்கிய பழைய திப்பியைக் கரைத்த நீரையோ கொஞ்சம் வெல்லப்பாகையோ விட்டுக் கசடை எழுப்பத் தொடங்கிவிடலாம். பியூரெட்டும் அயோடின் பாட்டிலும் அன்றிலிருந்தே மேஜைமேல் இருக்க வேண்டும்.